பூட்ட மறந்ததும் பூட்டியதை மறந்ததும்

இங்கிலீஷ்காரரின் அதிகாரம் 1947ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தோடு நம் தேசத்தை விட்டுப் போயிற்று. இங்கிலீஷ் பாஷை போகவில்லை. கச்சேரியிலும் கலாசாலையிலும் கம்பெனி வாசலிலும் அது இன்னும் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வேலை தேடிப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகள் அதன் முன்னே நின்று நமஸ்காரம் செய்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டியிருக்கிறது. இது சரியா, தப்பா என்று விவாதிக்க இன்று நாம் வரவில்லை. அந்த நாற்காலிக்கு முன்னால் நம் பிள்ளைகள் எந்த இடத்தில் அதிகமாக இடறி விழுகிறார்கள் என்பதைப் பற்றியே பேச வந்திருக்கிறோம். பார்க்கப் போனால் அது மிகச் சிறிய இடம். ஒரு வினைச்சொல்லுக்கு முன்னே 'டு' போடுவதா, பின்னே 'இங்' போடுவதா என்பதுதான்.

இந்த விஷயம் நம் மனத்தில் புகுந்த இடம் பள்ளிக்கூடமன்று; திருவாலங்காட்டுக் கோயில்.

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் மார்க்கத்தில் இருக்கிறது திருவாலங்காடு. திருத்தணியைச் சேர்ந்த பிரதேசம். ஆந்திர எல்லை அதிக தூரத்தில் இல்லை. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளுள் இரத்தின சபை இங்கேதான் இருக்கிறது. காளியோடு போட்டியிட்டு ஊர்த்துவ தாண்டவம் ஆடிய இடம் இது. காரைக்காலம்மையார் இத்தலத்தைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து வந்தார் என்பது ஐதிகம். அம்மையார் பாட்டில் நடனமாடும் சுடுகாட்டை நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இப்போதைய வயலும் வரப்பும் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம்.

தரிசனம் முடிந்து பிராகாரத்தில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு பெரியவரும் அவருடைய பேத்தியும் இருந்தார்கள். பெரியவர் தமிழ்ப் பண்டிதராக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தி பட்டம் வாங்கியவள். அவள் முகத்தில் பட்டத்தின் களிப்பு ஒன்றும் தெரியவில்லை. மடியில் ஒரு கடிதத்தின் நகல் இருந்தது. அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"ஐயா, தாங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர் என்று பார்த்தாலே தெரிகிறது. இந்தக் குழந்தைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார் பெரியவர்.

விஷயம் இதுதான். பட்டணத்தில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறாள். நேரில் வரச் சொன்னார்கள். போனாள். அங்கே இருந்த அதிகாரி அவளுடைய கடிதத்தின் கடைசி வாக்கியத்தை உரக்கப் படித்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தாராம். வேலை கிடைக்கவில்லை. வேலை போனது போகட்டும். அந்தச் சிரிப்பு இவளோடு ரயிலேறி ஊருக்கு வந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை வேறொரு கம்பெனியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். போகமாட்டேன் என்கிறாள்.

கடிதத்தை வாங்கிப் பார்த்தோம். கடைசி வாக்கியம், 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று இருந்தது. 'டு மீட்டிங் யூ' என்று இருக்கவேண்டும். சற்று மேலே, 'ஐ கேம் டு சென்னை ஃபார் அட்டெண்டிங் எ கோர்ஸ்' என்று இருந்தது. அங்கே 'டு அட்டெண்ட்' என்று இருக்கவேண்டும். 'இங்' வரவேண்டிய இடத்தில் 'டு'. 'டு' வரவேண்டிய இடத்தில் 'இங்'. கணக்குப் பார்த்தால் இரண்டு தப்பு. அதற்கு ஒரு வேலை விலையாகிவிட்டது.

"இலக்கணம் படிக்கவில்லையா, அம்மா?" என்று கேட்டோம்.

"மனப்பாடம் செய்திருக்கிறேன்" என்று அவள் ஒப்பித்தாள். "'என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், டினை' இவற்றின் பின் ஜெரண்ட் வரும். 'வாண்ட், ஹோப், டிஸைட், ரெஃப்யூஸ்' இவற்றின் பின் இன்ஃபினிட்டிவ் வரும். எழுத உட்காரும்போது எது எந்த ஜாபிதாவில் இருந்தது என்பது மறந்துபோகிறது."

அவள் மேல் குற்றமில்லை. 1935இல் முதன்முதல் வெளிவந்த ரென்-மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் தொடங்கி, நம் நாட்டில் எத்தனையோ தலைமுறைகள் இப்படித்தான் படித்திருக்கின்றன. அந்த ரென் துரை இந்தியக் கல்வி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். 'போ ஜெஸ்ட்' என்ற பிரசித்தமான நாவலையும் 1924இல் எழுதியவர். அவருடைய நாவலைப் படித்தவர்கள் கதையை மறக்கவில்லை. இலக்கணத்தைப் படித்தவர்கள்தாம் ஜாபிதாவை மறந்துவிடுகிறார்கள்.

நாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது பெரியவர் திடுக்கிட்டு எழுந்து மடியைத் தடவினார்.

"ஐயோ! வீட்டைப் பூட்ட மறந்துவிட்டேனே!"

"இல்லை, தாத்தா. நீங்கள் பூட்டினீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பூட்டியதைத்தான் மறந்துவிட்டீர்கள்" என்றாள் பேத்தி.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, நீ இப்போது சொன்னதையும் தாத்தா சொன்னதையும் இங்கிலீஷில் சொல், பார்க்கலாம்" என்றோம்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "பூட்ட மறந்தேன், 'ஐ ஃபர்காட் டு லாக்'. பூட்டியதை மறந்தேன், 'ஐ ஃபர்காட் லாக்கிங்'..." என்று நிறுத்தினாள். அவள் முகம் மாறிற்று. எந்த ஜாபிதாவும் சொல்லாமல் இரண்டையும் சரியாகச் சொல்லிவிட்டாள்!

பெரியவர் பூட்டை மறந்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். இப்போது பேச்சு அவருடைய ராஜ்யத்துக்கு வந்துவிட்டதல்லவா? "'பூட்ட' என்பது செயவென் எச்சம். நன்னூலார் சொன்ன 12 வினையெச்ச வாய்பாடுகளில் ஒன்று. 'பூட்டுதல்' என்பது தொழிற்பெயர். தல், அல் முதலிய விகுதி பெற்ற தொழிற்பெயர் காலம் காட்டாது. 'பூட்டியது', 'பூட்டுவது' என்பவையோ காலத்தையும் காட்டிக்கொண்டு பெயராகவும் நிற்கும். பெயராகிவிட்டபடியால் வேற்றுமை உருபு ஏற்கும். 'பூட்டியதை' என்று ஐகாரம் ஏற்கிறது, பாருங்கள். எச்சம் ஒருநாளும் உருபு ஏற்காது. இதற்கும் உங்கள் இங்கிலீஷுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது" என்றார்.

சம்பந்தம் நிரம்ப இருக்கிறது. இங்கிலீஷ்காரன் ஜெரண்ட் என்று சொல்வது தொழிற்பெயர்தான். வினையாகப் பிறந்து பெயராக வாழ்வது அது. இன்ஃபினிட்டிவ் என்பதற்குப் பொருள் 'வரையறை இல்லாதது'. அதாவது, இன்னார் செய்தார், இத்தனை பேர் செய்தார் என்ற கட்டுப்பாடு இல்லாதது. நமது செயவென் எச்சமும் அப்படிப்பட்டதே. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியபோது அதை இன்ஃபினிட்டிவ் என்றே அழைத்தார்.

பிறகு மூவருமாக உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தோம். ஆச்சரியத்துக்கு மேல் ஆச்சரியமாக இருந்தது.

'மறு' என்ற நம் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். 'பணத்தை எடுக்க மறுத்தான்' என்றால், எடுக்கச் சொன்னார்கள், எடுக்கமாட்டேன் என்றான். 'பணத்தை எடுத்ததை மறுத்தான்' என்றால், எடுத்துவிட்டு இல்லை என்கிறான்! முன்னவன் யோக்கியன், பின்னவன் திருடனாக இருக்கலாம். தமிழில் வினை ஒன்றே. அதன் முன் வரும் எச்சமும் பெயருமே இருவரையும் பிரித்துக் காட்டுகின்றன. இங்கிலீஷில் இதற்கு இரண்டு வினைகள் உண்டு. முதலாவது 'ரெஃப்யூஸ்', அதன் பின் 'டு'. இரண்டாவது 'டினை', அதன் பின் 'இங்'. அந்தப் பெண் இரண்டு ஜாபிதாவில் தனித்தனியே மனப்பாடம் செய்த இரண்டு சொற்களும் ஒரே தமிழ் வினையின் இரண்டு கிளைகள்.

'சொல்ல வருந்துகிறேன்' என்பது ஒன்று; 'சொன்னதற்கு வருந்துகிறேன்' என்பது வேறு. கம்பெனிக்காரர்கள் 'வேலை இல்லை என்று தெரிவிக்க வருந்துகிறோம்' என்று எழுதும்போது 'ரிக்ரெட் டு இன்ஃபார்ம்' என்கிறார்கள். தெரிவித்த பிறகு மனம் மாறி வருந்துவார்களானால் 'ரிக்ரெட் இன்ஃபார்மிங்' என்று எழுதவேண்டும். அப்படிப்பட்ட கடிதம் இதுவரை யாருக்கும் வந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

'பேசுவதை நிறுத்தினான்' என்றால் வாய் மூடினான்; 'ஸ்டாப்ட் டாக்கிங்'. 'பேச நின்றான்' என்றால் நடை நின்றது, வாய் திறந்தது. 'ஸ்டாப்ட் டு டாக்'. இங்கிலீஷில் ஒரே வினை இரண்டு வேலை செய்கிறது. தமிழிலோ 'நின்றான்', 'நிறுத்தினான்' என்று தன்வினை, பிறவினையாகவே பிரிந்துவிடுகிறது. 'ட்ரை' என்ற சொல்லில் தமிழின் அழகு இன்னும் அதிகம். 'கதவைத் திறக்க முயன்றான்' என்றால் திறந்ததோ இல்லையோ தெரியாது. அது 'ட்ரைட் டு ஓபன்'. காற்று வருமா என்று 'கதவைத் திறந்து பார்த்தான்' என்றால் திறந்தாயிற்று, காற்று வந்ததா என்பதுதான் பாக்கி. அது 'ட்ரைட் ஓபனிங்'. இந்தப் 'பார்த்தான்' கண்ணால் பார்ப்பதன்று. பரீட்சை செய்து பார்ப்பது. எந்த இலக்கணமும் படிக்காத பாட்டிமார்கூடத் 'தைலம் தடவிப் பார்த்தேன், வலி போகவில்லை' என்று தினந்தோறும் சொல்கிறார்கள்.

இதற்கெல்லாம் ஆதாரமாக ஒரு நியாயம் இருக்கிறது. இங்கிலீஷ் 'டு' என்பது ஆதியில் 'ஓர் இடத்தை நோக்கி' என்று பொருள்படும் சொல். ஆகவே இன்ஃபினிட்டிவ் பெரும்பாலும் முன்னே நோக்குகிறது. இனி நடக்கவேண்டியதைச் சுட்டுகிறது. விரும்புவதும், நம்புவதும், தீர்மானிப்பதும், வாக்களிப்பதும் இனி நடக்கப் போவதைப் பற்றியவை அல்லவா? தொழிற்பெயரோ ஒரு காரியத்தை நடந்ததாகவோ நடப்பதாகவோ கையில் எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறது. அனுபவிப்பதற்கும் முடிப்பதற்கும் மறைத்துப் பேசுவதற்கும் காரியம் கையில் இருக்கவேண்டும். இது முழு உண்மையன்று. 'போஸ்ட்போன்' என்றால் இனிச் செய்யவேண்டியதைத் தள்ளிப்போடுவது, ஆனாலும் அதன் பின் 'இங்'தான் வருகிறது. அங்கேயும் தமிழ் கை கொடுக்கிறது. 'போவதைத் தள்ளிப்போட்டான்' என்கிறோமே ஒழியப் 'போகத் தள்ளிப்போட்டான்' என்று சொல்வதில்லை. 'போவதைத் தவிர்த்தான்' என்பதும் அப்படியே.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு ஒரு சூத்திரம் எழுதிக் கொடுத்தோம். வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார். 'செய்ய' என்று வந்தால் 'டு' போடு. 'செய்வதை', 'செய்ததை' என்று உருபோடு வந்தால் 'இங்' போடு. பத்துக்கு ஏழெட்டு இடங்களில் அது உன்னைக் கைவிடாது.

மற்ற இரண்டு மூன்று இடங்கள்? அவற்றைத்தான் மனப்பாடம் செய்யவேண்டும். அவை எங்கே இருக்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. நமது செயவென் எச்சம் இங்கிலீஷ் இன்ஃபினிட்டிவை விடப் பெரிய குடும்பி. 'மழை பெய்ய ஏரி நிரம்பிற்று' என்றால் மழை காரணம். 'இறைவன் ஆட அம்மையார் பாடினார்' என்றால் ஆட்டமும் பாட்டும் ஒரே சமயம். 'பாட வந்தார்' என்றால் பாட்டு நோக்கம். காரணம், உடனிகழ்ச்சி, நோக்கம் என்ற மூன்றையும் ஒரே சொல்லுருவம் சுமக்கிறது. இவற்றுள் மூன்றாவதுதான் 'டு'. முதல் இரண்டுக்கும் 'டு' போட்டால் வாக்கியம் குப்புற விழும்.

இன்னொரு பள்ளம், அந்தப் பெண் விழுந்த பள்ளம். 'தங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்' என்று தமிழ் சொல்கிறது; அவள் 'டு மீட்' என்று எழுதிவிட்டாள். இங்கே ஒரு சூது இருக்கிறது. இங்கிலீஷில் 'டு' இரண்டு. ஒன்று இன்ஃபினிட்டிவின் அடையாளம். மற்றொன்று நமது நான்காம் வேற்றுமை 'கு' உருபைப் போன்றது. உருபுக்கு முன் பெயர்தான் வரும் என்று பண்டிதர் சொன்னாரே, அதே சட்டம் அங்கேயும் உண்டு. அவர்கள் உருபைப் பின்னால் ஒட்டாமல் முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவே. எந்த 'டு' என்று கண்டுபிடிக்க வழி சுலபம். வினையை எடுத்துவிட்டு ஒரு சாதாரணப் பெயரை அங்கே வைத்துப் பார்க்கவேண்டும். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு தி ஹாலிடேஸ்' என்று சொல்லலாம். பெயர் உட்காருகிறது, ஆகவே அது உருபு, வினை வந்தால் 'இங்' போட்டுப் பெயராக்கித்தான் உட்கார வைக்கவேண்டும். 'வாண்ட் டு தி ஹாலிடேஸ்' என்று சொல்ல முடியாது. ஆகவே அது அடையாளம். 'ஐ ஆம் யூஸ்ட் டு', 'ஐ அப்ஜெக்ட் டு' இவற்றில் உள்ள 'டு'க்களும் உருபுகளே. 'படிக்கத் தக்க புத்தகம்' என்பதற்கு 'வர்த் ரீடிங்' என்பதும், 'செய்ய வல்லவன்' என்பதற்கு 'கேபபிள் ஆஃப் டூயிங்' என்பதும் இதே ஜாதி எச்சரிக்கைகள்.

அவளுடைய இரண்டாவது தப்புக்கு எல்லைப்புறமே காரணமோ என்று நமக்குத் தோன்றிற்று. 'படிக்க வந்தேன்' என்று தமிழில் சொல்வதைத் தெலுங்கில் 'சதவடானிகி வச்சானு' என்கிறார்கள். அதாவது 'படிப்பதற்கு வந்தேன்' என்று தொழிற்பெயரில் உருபு ஒட்டிச் சொல்வது. தமிழிலும் அப்படிச் சொல்கிறோம். இந்தப் பக்கத்தில் இரண்டு பாஷையும் காதில் விழுகிறபடியால் அந்தப் பழக்கம் பலமாக இருப்பதில் வியப்பில்லை. அதை அப்படியே பெயர்த்தால் 'ஃபார் அட்டெண்டிங்' வந்துவிடுகிறது. வந்த காரியத்தைச் சொல்லும்போது இங்கிலீஷ் அதை ஏற்பதில்லை. 'டு அட்டெண்ட்' என்றே கேட்கிறது.

இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இவை அறிவில்லாதவள் செய்த தப்புக்கள் அல்ல. தன் தாய்மொழியின் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தவள் செய்த தப்புக்கள். சிரித்த அதிகாரிக்கு அது தெரிந்திருந்தால் சிரித்திருக்கமாட்டார். இங்கிலீஷ்காரர்களுக்குள்ளேயே இந்த 'இங்' விஷயத்தில் சண்டை உண்டு. ஜெரண்டுக்கு முன் 'ஹிம்' வருவதா, 'ஹிஸ்' வருவதா என்று கேட்டு, 'ஹிம்' போடுகிறவர்களை ஃபவுலர் என்ற இலக்கணப் புலவர் 1926இல் வெளிவந்த தம் அகராதியில் கடுமையாகக் கண்டித்தார். அவரை எதிர்த்து வாதாடியவர் யார் தெரியுமா? எஸ்பர்ஸன் என்ற டென்மார்க் தேசத்துப் பண்டிதர்! இங்கிலீஷ் தாய்மொழியல்லாத ஒருவர் இங்கிலீஷ்காரருக்கு இங்கிலீஷ் இலக்கணம் சொல்ல முடிந்தது. இந்தத் திருத்தணியில் 1888இல் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1936இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகி, அவர்கள் பாஷையிலேயே அவர்களுக்கு நம் தத்துவத்தைப் போதிக்க முடிந்தது.

மற்றொரு விஷயத்தையும் யோசித்துப் பாருங்கள். தரங்கம்பாடிக்கு வந்த ஸீகன்பால்க் தமிழ் இலக்கணத்தை லத்தீன் பாஷையில் எழுதி 1716இல் ஜெர்மனியில் அச்சிட்டார். வீரமாமுனிவரும் கொடுந்தமிழ் இலக்கணத்தை லத்தீனில்தான் எழுதினார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அளந்தார்கள். நாமோ தெரியாத இங்கிலீஷைத் தெரியாத இங்கிலீஷ் இலக்கணத்தைக் கொண்டே அளக்கப் பார்க்கிறோம். தமிழ் வகுப்பில் எச்சமும் தொழிற்பெயரும் மார்க்குக்காக. இங்கிலீஷ் வகுப்பில் இன்ஃபினிட்டிவும் ஜெரண்டும் மார்க்குக்காக. இரண்டு உபாத்தியாயர்களும் ஒரே சுவரின் இரு புறத்தில் நின்று ஒரே பொருளைக் கற்பிக்கிறார்கள். சுவரில் ஒரு ஜன்னல் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

திருவாலங்காட்டுக்கு இது புதிய பாடமன்று. ராஜேந்திர சோழன் இக்கோயிலுக்குப் பழையனூரைக் கொடுத்த செய்தியைச் சொல்லும் செப்பேடுகள் 1905இல் வெளிப்பட்டன. மொத்தம் 31 ஏடுகள். சோழர் குலத்தின் புகழ் முழுவதும் ஸம்ஸ்கிருதத்தில். நிலம், எல்லை, உரிமை முழுவதும் தமிழில். எந்தக் காரியத்துக்கு எந்த மொழி என்று தெரிந்துகொண்டு, இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்து முத்திரையிட்டார்கள். ஒன்றைக் கண்டு ஒன்று வெட்கப்படவில்லை. பிற்காலத்தில் இதே திருத்தணி வட்டாரம் மொழிக்காகவே இரு ராஜ்யங்களுக்கு நடுவே இழுபட்டது. ம.பொ.சி. முதலியோர் போராடினார்கள், படாஸ்கர் அவர்களின் தீர்ப்பின்படி 1960ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. மொழிக்காக எல்லையையே மாற்றியவர்களின் பேத்திகள் ஒரு 'டு'வுக்காகத் தலைகுனிந்து வீட்டில் உட்காருவதா?

வெயில் தாழ்ந்தது. அந்தப் பெண் கடிதத்தின் நகலைத் திருப்பி, பின்புறத்தில் திங்கட்கிழமை சொல்லவேண்டியதைத் தமிழில் எழுதி, பக்கத்தில் இங்கிலீஷில் எழுதினாள். எச்சத்தின் கீழ் ஒரு கோடு. தொழிற்பெயரின் கீழ் இரண்டு கோடு. 'சொல்லாமல்' என்ற இடத்தில் நின்றாள். எச்சமாயிற்றே, என்ன செய்வது என்று பார்த்தாள். பிறகு, 'வித்தவுட்' உருபு போன்றது என்று தானே கண்டுகொண்டு 'ஸேயிங்' என்று எழுதினாள். நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

"திங்கட்கிழமை எத்தனை மணி ரயில்?" என்று கேட்டோம்.

"ஏழு மணி வண்டி" என்றாள்.

பெரியவர் மட்டும் கொஞ்சம் அவசரமாக எழுந்தார். "நீ பார்த்தது நிஜந்தானே, குழந்தை? எதற்கும் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிடுகிறேன்" என்றார்.

'இழுத்துப் பார்த்துவிடுகிறேன்' என்பதற்கு இங்கிலீஷில் 'டு'வா, 'இங்'கா? நேயர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்கவும். தெரியாவிட்டால் சிரிக்கவேண்டாம், ஒரு முறை தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லவும்.